இறகெல்லாம் கண்கள்: மழைக்காட்டு ஆர்கஸ் பறவை

ஆர்கஸ், கோழியும் மயிலும் காடையும் அடங்கிய ஃபசியானிடே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய காட்டுப் பறவை. ஃபெசன்ட் என்று அழைக்கப்படும் நீள்வால் காட்டுக்கோழிகளில் உருவத்தால் மிகப் பெரியவற்றுள் இது ஒன்று. மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ ஆகிய நிலப்பகுதிகளின் மழைக்காடுகளே இதன் தாயகம். அர்குசியானஸ் ஆர்கஸ் என்பது இதன் அறிவியல் பெயர். 1766-இல் கார்ல் லின்னேயஸ் இதை முதன்முதலாக வகைப்படுத்தியபோது, உடலெங்கும் கண்கள் கொண்ட கிரேக்கப் புராணக் காவலன் ஆர்கஸின் பெயரை இதற்குச் சூட்டினார். சேவலின் சிறகுகளில் வரிசை வரிசையாக அமைந்த கண் வடிவப் புள்ளிகளே அதற்குக் காரணம். மலாய் மக்கள் இதைக் குவாங் என்றும் குவாவ் என்றும் சொல்கிறார்கள். போர்னியோவின் ஈபான் மக்களுக்கு இது ருவாய்.

உயிரினங்களின் அழகு எப்படித் தோன்றியது என்ற கேள்வியில் இந்தப் பறவைக்குத் தனி இடம் உண்டு. டார்வினும் வாலஸும் தொடங்கி இன்றைய மரபணு ஆய்வாளர்கள் வரை பலரும் ஆர்கஸின் இறகைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். காட்டில் உயிருடன் இதைக் கண்டவர்களோ மிகச் சிலரே.

தோற்றம்

சேவலின் மொத்த நீளம் 160 முதல் 200 செ.மீ. வரை இருக்கும். அதில் வால் மட்டுமே 105 முதல் 143 செ.மீ. எடை 2 முதல் 2.7 கிலோ. பார்வைக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் உடல் ஒரு நாட்டுச் சேவலின் அளவுதான், மற்றதெல்லாம் இறகு. பெட்டை 72 முதல் 76 செ.மீ. நீளமும் ஏறத்தாழ 1.6 கிலோ எடையும் கொண்டது. அதன் வால் குட்டை, சிறகில் கண்களும் கிடையாது.

முகமும் கழுத்தும் இறகில்லாமல் நீலத்தோலாக இருக்கும். உச்சந்தலையில் கட்டையான கருங்கொண்டை. கால்கள் சிவப்பு. சேவல்களுக்கு வழக்கமாக உள்ள கால்முள் ஆர்கஸ் சேவலுக்கு இல்லை. மார்பின் மேற்பகுதி செம்பழுப்பாகவும், முதுகும் சிறகும் பழுப்பில் கருமையும் வெளிர் மஞ்சளும் கலந்த நுண்புள்ளிகளாகவும் இருக்கும். சருகு மூடிய காட்டுத்தரையில் அசையாமல் நின்றால் பத்தடி தூரத்திலும் கண்ணுக்குப் புலப்படாது.

சேவலின் வாலில் நடுவிலுள்ள இரண்டு இறகுகள் மட்டும் மற்றவற்றைக் கடந்து பல மடங்கு நீண்டு வளர்கின்றன. ஆனால் இதன் சிறப்பு வாலில் இல்லை, சிறகில் இருக்கிறது. பறவையின் சிறகில் பறப்பதற்கான இறகுகள் இரு தொகுதிகளாக இருக்கும். கையெலும்பிலிருந்து முளைப்பவை உந்தித் தள்ளும் வேலையையும், முன்கை எலும்பிலிருந்து முளைப்பவை உடலைத் தூக்கிப் பிடிக்கும் வேலையையும் செய்கின்றன. பெரும்பாலான பறவைகளில் கையிறகுகளே நீளமானவை. ஆர்கஸ் சேவலில் இது தலைகீழ். முன்கை இறகுகள் கையிறகுகளைவிட வெகுநீளமாகவும் அகலமாகவும் வளர்ந்திருக்கின்றன. கண் புள்ளிகள் இருப்பது இவற்றில்தான். சிறகு மடிந்திருக்கும்போது அவற்றில் ஒன்றுகூட வெளியே தெரியாது.

இந்த அமைப்புக்குச் சேவல் கொடுக்கும் விலை பறக்கும் திறன். நெடுந்தூரம் பறக்க இதனால் முடியாது. இரவில் அடைய மரக்கிளைக்கு ஏறவும், ஆபத்தில் சிறிது தூரம் படபடத்துத் தப்பவும் மட்டுமே சிறகு உதவுகிறது. பகல் முழுதும் நடைதான்.

வாழிடம்

மியன்மாரின் தெற்கு முனை, தாய்லாந்தின் தென்பகுதி, மலேசியத் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ ஆகிய இடங்களில் ஆர்கஸ் வாழ்கிறது. இரண்டு துணையினங்கள் உள்ளன. ஒன்று தீபகற்பத்திலும் சுமத்ராவிலும் உள்ளது. மற்றது போர்னியோவுக்கு மட்டும் உரியது.

கடல் பிரிக்கும் இந்த மூன்று நிலங்களிலும், நீண்ட தூரம் பறக்க முடியாத ஒரே பறவை இருப்பதற்கு விளக்கம் பனியூழிக் காலத்தில் இருக்கிறது. அக்காலங்களில் உலகின் நீரில் ஒரு பகுதி நிலத்தின்மேல் பனியாக உறைந்ததால் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 100 மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்தது. ஆழம் குறைந்த சுண்டா கடலடித் திட்டு வெளியே வந்து, தீபகற்பமும் சுமத்ராவும் போர்னியோவும் ஜாவாவும் ஒரே நிலப்பரப்பாக இணைந்தன. பனி உருகிக் கடல் ஏறியதும் நிலம் தீவுகளாகப் பிரிந்தது. காட்டுயிர்கள் அங்கங்கே தங்கிப்போயின.

உயர்ந்த டிப்டெரோகார்ப் மரங்கள் நிறைந்த, நீர் தேங்காத தாழ்நிலக் காடும் குன்றுச் சரிவும் ஆர்கஸுக்கு உகந்தவை. பெரும்பாலும் 900 மீட்டர் உயரத்துக்குக் கீழேதான் இது காணப்படும். மேலே மரக்கவிகை அடர்ந்திருந்தால் தரைக்கு வெயில் குறைவாகவே இறங்கும். அதனால் கீழே புதர் மண்டாது. நடந்து திரியும் பெரிய பறவைக்கு அந்தத் திறந்த தரை தேவை. காட்டைத் திருத்திப் புதர் மண்டிப்போன இடத்தில் இது நிலைப்பது கடினம்.

ஆடுகளம்

ஒவ்வொரு முதிர்ந்த சேவலும் காட்டுக்குள் தனக்கென ஓர் ஆடுகளம் அமைத்துக்கொள்கிறது. இடம் பெரும்பாலும் குன்றின் முகட்டிலோ மேட்டுச் சமதளத்திலோ இருக்கும். சில மீட்டர் அகலத்துக்கு அந்த இடத்தில் ஒரு சருகுகூட இல்லாமல் சேவல் தரையைச் சுத்தம் செய்கிறது. உதிர்ந்த இலைகளையும் குச்சிகளையும் அலகால் கவ்வி ஓரத்தில் போடுகிறது. சிறகை வீசிக் காற்றெழுப்பிச் சருகை விரட்டுகிறது. முளைத்துவரும் இளஞ்செடிகளைக் கொத்திப் பிடுங்குகிறது. மழைக்காட்டில் இலையுதிர்வு ஆண்டு முழுவதும் நடப்பது. ஆகவே இந்த வேலை ஒரு நாளில் முடிவதில்லை. இனப்பெருக்கக் காலத்தின் பல மாதங்களுக்கு நாள்தோறும் விடியலில் சேவல் களத்தைப் பெருக்குகிறது.

சருகு மூடிய காட்டில் திடீரென்று வெறும் மண் தெரியும் வட்டம் ஒன்று தென்பட்டால் அங்கே ஆர்கஸ் இருக்கிறது என்று காட்டுவாசிகள் அறிவார்கள். நல்ல களம் ஆண்டுதோறும் மீண்டும் பயன்படுகிறது.

மயில்களைப்போல ஆர்கஸ் சேவல்கள் அருகருகே கூடுவதில்லை. ஒவ்வொன்றின் களமும் அடுத்ததிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளியே இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கூவல் கேட்கும் தொலைவில் அவை பரவியிருக்கின்றன. பெட்டை ஒரு களத்திலிருந்து மற்றொன்றுக்கு நடந்துபோய், சேவல்களைப் பார்த்துவிட்டு, தனக்குப் பிடித்ததுடன் இணைகிறது. அதன் பிறகு கூடு, முட்டை, குஞ்சு எதிலும் சேவலுக்குப் பங்கில்லை.

கூவல்

ஆர்கஸைப் பார்ப்பதைவிடக் கேட்பதே எளிது. சேவலுக்கு இருவகைக் கூவல் உண்டு. ஒன்று, களத்தில் நின்றபடி விட்டு விட்டு எழுப்பும் இரட்டையொலி: குவாவ்-வாவ். மலாய்ப் பெயர்கள் இந்த ஒலியிலிருந்து வந்தவையே. மற்றது நீண்ட கூவல். ஒரே அசை பலமுறை அடுக்கி வரும். போகப் போக வேகமும் ஓசையும் கூடும். இந்த நீண்ட கூவலைப் பெட்டையும் எழுப்பும்.

களத்துக் கூவல் அமைதியான விடியலில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அடர்ந்த காட்டில் பார்வை சில பத்து மீட்டருக்குள் மறிக்கப்படுவதால், தூரத்துப் பெட்டையை அழைக்கவும் அடுத்த சேவலுக்குத் தன் இருப்பை அறிவிக்கவும் குரலே வழி. ஆய்வாளர்களும் ஒரு காட்டில் எத்தனை சேவல்கள் உள்ளன என்பதைக் கூவல்களைக் கணக்கிட்டே மதிப்பிடுகிறார்கள்.

இப்பறவையின் மறைவுத்தன்மைக்கு ஆல்ஃபிரட் ரசல் வாலஸின் அனுபவம் நல்ல சான்று. 1854-இல் மலாக்காவுக்கு அருகே ஓஃபிர் மலையில், இன்று குனோங் லேடாங் எனப்படும் இடத்தில், அவர் தங்கிச் சேகரிப்பு நடத்தினார். ஆர்கஸ் கூவுவது நாள்தோறும் கேட்டது. பறவை கண்ணில் படவில்லை. அவருடன் இருந்த முதிய மலாய் வேட்டைக்காரர், அந்தக் காடுகளில் 20 ஆண்டுகள் பறவை வேட்டையாடியும் ஓர் ஆர்கஸைக்கூடச் சுட்டதில்லை என்றும், கண்ணியில் சிக்கியதைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை என்றும் சொன்னதாக வாலஸ் தம் மலாய்த் தீவுக்கூட்ட நூலில் பதிவு செய்துள்ளார்.

ஆட்டம்

பெட்டை களத்துக்குள் வந்ததும் சேவல் கூவலை நிறுத்திவிட்டு அதைச் சுற்றி நடக்கத் தொடங்குகிறது. நடை விறைப்பானது, காலைத் தரையில் ஓங்கி ஊன்றி வைக்கிறது. தரையைக் கொத்துவதும் பக்கவாட்டில் சாய்ந்து ஒரு சிறகைத் தாழ்த்துவதுமாகச் சிறிது நேரம் போகிறது. பிறகு சட்டென்று பெட்டையின் எதிரே உடலைத் தாழ்த்தி, இரு சிறகுகளையும் மேலும் முன்னும் வீசி விரிக்கிறது.

காற்றில் எதிர்ப்பக்கம் மடங்கிய குடைபோல, ஒரு மீட்டருக்கு மேல் அகலமான பெரிய வட்டம் பெட்டையின் முன் எழுகிறது. முன்கை இறகுகள் மேலே விசிறியாக நிற்க, கையிறகுகள் கீழே தரையைத் தொட்டபடி விரிகின்றன. பின்னாலிருந்து வாலின் இரு நீள இறகுகள் வட்டத்துக்கு மேல் உயர்ந்து தெரிகின்றன. சேவலின் தலையோ உடலோ தெரியாது. தன்னைப் பெட்டை பார்க்கிறதா என்று அறிய, சிறகு மடியும் இடத்திலுள்ள இடைவெளி வழியே சேவல் ஒரு கண்ணால் மட்டும் எட்டிப் பார்க்கிறது. சில நேரம் இரண்டு இறகுகளுக்கு நடுவே தலையை நீட்டுவதும் உண்டு. லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் அதைக் கண்ட பார்ட்லெட் என்பவர் சொன்ன செய்தியை டார்வின் எழுதியிருக்கிறார். சில நொடிகள் அப்படியே நின்று, இறகுகளைச் சலசலவென்று அதிரச் செய்து, பிறகு சிறகை மடக்கிக்கொள்கிறது.

பெட்டை பெரும்பாலும் ஆர்வமே இல்லாததுபோல் நின்றுவிட்டுப் போய்விடும். ஆட்டம் மறுபடி தொடங்கும், அல்லது மறுநாளுக்குத் தள்ளிப்போகும்.

கண்ணின் அமைப்பு

ஆர்கஸின் ஒரு முன்கை இறகை எடுத்துக் கூர்ந்து பார்த்தால் இந்தப் பறவை ஏன் இவ்வளவு பேசப்பட்டது என்பது விளங்கும். இறகின் நடுத்தண்டுக்கு வெளிப்புறமாக, அடி முதல் நுனி வரை, 20 முதல் 23 கண்கள் ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன. பெரிய கண்கள் ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்கு மேல் குறுக்களவு உடையவை.

ஒவ்வொரு கண்ணையும் ஒரு கருவளையம் சூழ்கிறது. வளையத்துக்குள் அடிப்பக்கம் அடர்பழுப்பு. மேலே செல்லச் செல்ல அது பொன்மஞ்சளாக வெளிறி, மேல் விளிம்பை ஒட்டி வெண்மையான ஒரு பளிச்சிடலாக முடிகிறது. நிறம் மாறும் இடத்தில் கோடு எதுவும் இல்லை. ஒன்று மற்றொன்றில் கரைகிறது. ஓவியர் ஒரு பந்தை வரையும்போது ஒளி படும் பக்கத்தை வெளிறவும் நிழல் பக்கத்தை இருளவும் தீட்டுவார். அதே முறை இங்கே இறகில் இருக்கிறது. ஆகவே தட்டையான இறகின்மேல், குழிவில் வைத்த உருண்டை ஒன்று புடைத்து நிற்பதாகப் பார்வைக்குத் தோன்றுகிறது. இதைக் குழிவும் பந்தும் என்ற பொருள்படும் பெயரிலேயே டார்வின் குறிப்பிட்டார். பறவை இறகை நிமிர்த்திப் பிடிக்கும் நிலையில், மேலிருந்து ஒளி விழுந்ததுபோல் பளிச்சிடல் சரியான இடத்தில் அமைகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. கண்கள் இறகின் அடியில் சிறியவை, நுனியை நோக்கிப் போகப் போகப் பெரியவை. விரிந்த வட்டத்தில் இறகின் அடி நடுவிலும் நுனி வெளிவிளிம்பிலும் இருக்கும். எதிரே நிற்கும் பெட்டையின் கண்ணிலிருந்து நுனிகள் கூடுதல் தொலைவில் இருப்பதால், பெரியவை சிறுத்துத் தெரிந்து எல்லாம் ஒரே அளவாகத் தோன்ற இது உதவலாம் என்று யேல் பல்கலைக்கழகப் பறவையியலாளர் ரிச்சர்ட் பிரம் விளக்கியிருக்கிறார்.

மயில் தோகையின் நீலமும் பச்சையும் இறகின் நுண்கட்டமைப்பில் ஒளி சிதறுவதால் வருபவை. பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். ஆர்கஸின் கண்களில் அத்தகைய மினுமினுப்பு இல்லை. கருப்பு, பழுப்பு, மஞ்சள் ஆகிய எளிய நிறங்களின் ஏற்ற இறக்கம் மட்டுமே கொண்டு புடைப்புத் தோற்றம் உண்டாகிறது. கையிறகுகளிலும் தனி வேலைப்பாடு உண்டு: நீலம் பாய்ந்த தண்டும், உட்புறத்தில் இன்னோர் இறகைப் பொருத்தி வைத்ததுபோன்ற செம்பழுப்புப் பட்டையும்.

டார்வினின் விளக்கம்

1871-இல் வெளியான மனிதனின் தோற்றம் பற்றிய நூலில் டார்வின் ஆர்கஸுக்குப் பல பக்கங்கள் ஒதுக்கினார். பிழைப்புக்கு உதவாததும், பறப்பதற்கு இடைஞ்சலானதுமான இந்த அலங்காரம் இயற்கைத் தேர்வால் எப்படி வந்திருக்க முடியும் என்ற கேள்வி அவரை உறுத்தியது. பாலினத் தேர்வு என்பது அவர் தந்த விடை. பெட்டைகள் தலைமுறை தலைமுறையாகத் தமக்குக் கவர்ச்சியாகத் தோன்றிய சேவல்களையே தேர்ந்தெடுத்தன; அந்தச் சேவல்களின் குஞ்சுகளே பெருகின; சிறு சிறு மாற்றங்கள் சேர்ந்து இன்றைய கண்ணாக வளர்ந்தன.

இவ்வளவு நேர்த்தியான கண் படிப்படியாக உருவாகியிருக்க முடியுமா என்ற ஐயத்துக்கு அவர் அதே பறவையிலிருந்தே விடை காட்டினார். ஆர்கஸின் இறகுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஓரிடத்தில் வெறும் கரும்புள்ளிகள். வேறிடத்தில் அவை நீண்டு சாய்கோடுகள். பிறகு கோடு வளைந்து நீள்வட்டம். நீள்வட்டத்துக்குள் நிழல் படிந்து, கடைசியில் முழுமையான உருண்டைக் கண். ஒரே இறகிலேயே இவற்றில் பல படிகளைக் காணலாம். முற்காலத்துப் பறவைகளில் வளர்ச்சி இதே வரிசையில்தான் நடந்தது என்பதற்கு இது நேரடிச் சான்று ஆகாது. ஆனாலும் எளிய புள்ளியிலிருந்து நிறைவான கண் வரை இடைப்படிகள் சாத்தியம் என்பதை இது ஐயமற நிறுவுகிறது.

வாலஸ் இதை ஏற்கவில்லை. இத்தனை நுண்ணிய நிழல் வேறுபாட்டை எண்ணற்ற பெட்டைகள் தலைமுறைகளாக ஒரே சீராக ரசித்துத் தேர்ந்திருக்கும் என்பது நம்பத்தக்கதல்ல என்றார். சேவலின் வலிமையும் உயிர்த்துடிப்பும் மிகுந்து வெளிப்படுவதே அலங்காரம் என்பது அவர் கருத்து. நெடுங்காலம் அறிஞர் உலகம் வாலஸின் பக்கமே சாய்ந்திருந்தது.

1915-இலும் பின்னர் 1930-இலும் ரொனால்டு ஃபிஷர் டார்வினின் கருத்துக்கு மரபியல் அடிப்படை கொடுத்தார். பெட்டையின் விருப்பமும் சேவலின் அலங்காரமும் ஒரே குஞ்சுகளில் சேர்ந்து கடத்தப்படுவதால், ஒன்று மற்றொன்றை வளர்த்து இரண்டும் தொடர்ந்து மிகுதியாகும் என்று அவர் காட்டினார். 1975-இல் அமோட்ஸ் ஸஹாவி வேறொரு விளக்கம் தந்தார்: இவ்வளவு சுமையைத் தூக்கிக்கொண்டும் பிழைத்திருப்பதே சேவலின் வலுவுக்கு நம்பகமான அடையாளம். இந்த இரு விளக்கங்களில் எது எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற விவாதத்தில் ஆர்கஸ் இன்றும் முதன்மைச் சான்றாக நிற்கிறது. பெட்டை தேர்ந்தெடுக்கிறது என்ற டார்வினின் அடிப்படைக் கருத்து இப்போது பறவையியலில் உறுதிப்பட்ட ஒன்று.

உணவும் அன்றாடமும்

ஆர்கஸ் தரையில் மெதுவாக நடந்து இரை தேடும். கோழியைப்போல் காலால் சீய்ப்பது குறைவு. சருகின் மேலிருந்து ஒவ்வொன்றாகக் கொத்தி எடுப்பதே வழக்கம். உதிர்ந்த பழங்கள், விதைகள், இளந்தளிர், நத்தை, பூச்சிகள் ஆகியவை உணவு. எறும்புகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. மலேசியாவின் கிராவ் வனவிலங்குக் காப்பகத்தில் 1970-களில் ஆய்வு செய்த ஜி. டபிள்யூ. எச். டேவிசன், இப்பறவையின் உணவு, பரவல், இணைசேரும் முறை ஆகியவை குறித்து 1981-இல் விரிவான கட்டுரைகள் வெளியிட்டார். ஆர்கஸைப் பற்றிய களஅறிவின் பெரும்பகுதி அந்த உழைப்பிலிருந்து வந்தது.

பெரும்பாலும் தனித்தே திரியும். காலையிலும் மாலையிலும் இரை தேடி, இருட்டும் நேரத்தில் மரக்கிளையில் அடையும்.

முட்டையும் குஞ்சும்

இணைந்த பெட்டை தனியே சென்று தரையில் சிறு பள்ளம் பறித்து முட்டையிடும். ஒரு ஈட்டுக்கு இரண்டே முட்டைகள். நாட்டுக்கோழி ஒரு ஈட்டில் பத்துப் பன்னிரண்டு இடுவதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஏறத்தாழ 24, 25 நாட்கள் பெட்டை அடைகாக்கிறது. குஞ்சுகள் பொரிந்ததும் கண் திறந்து, தூவியுடன், நடக்கும் நிலையில் இருக்கும். சிறகிறகு விரைவில் முளைத்துவிடுவதால் சில நாட்களிலேயே தாயுடன் தாழ்ந்த கிளைக்கு ஏறித் தாயின் சிறகுக்குள் ஒடுங்கிக்கொள்ளும்.

சேவல் குஞ்சு முழு அலங்காரம் பெற ஆண்டுகள் ஆகும். ஒவ்வோர் இறகுதிர்வுக்குப் பிறகும் முன்கை இறகும் வாலும் முந்தியதைவிட நீண்டு வளர்கின்றன, கண்களும் தெளிவடைகின்றன. குறைந்த முட்டை, தாமதமான முதிர்ச்சி ஆகிய இரண்டும் சேர்ந்து, வேட்டையால் எண்ணிக்கை சரிந்தால் இப்பறவை விரைவில் மீள முடியாத நிலையை உண்டாக்குகின்றன.

உறவினர்

தோற்றத்தை வைத்து ஆர்கஸை முன்பு தனிக்கிளையாக ஒதுக்கியிருந்தார்கள். மரபணு ஆய்வுகள் இது மயிலுக்கு நெருங்கிய உறவு என்று காட்டின. இந்திய மயில், பச்சை மயில், ஆப்பிரிக்காவின் காங்கோ மயில் ஆகியவையும் ஆர்கஸும் ஒரே கிளைக்குரியவை. வியட்நாம், லாவோஸ் காடுகளிலும் மலேசியத் தீபகற்பத்தின் சில மலைகளிலும் வாழும் கொண்டை ஆர்கஸ்களும் இக்கூட்டத்தில் அடங்கும். அவற்றின் வால் இறகு 1.7 மீட்டர் வரை நீளும். காட்டுப்பறவைகளின் வால் இறகுகளில் மிக நீண்டவற்றுள் அதுவும் ஒன்று.

மயிலின் கண்கள் வாலின் மேல் போர்த்திய தோகையிறகுகளில் உள்ளன. ஆர்கஸின் கண்கள் சிறகில் உள்ளன. மயில்-ஃபெசன்ட் என்ற வேறொரு கூட்டத்தில் வாலிலும் சிறகிலும் கண்கள் உண்டு. 2014-இல் வெளியான விரிவான மரபணு ஆய்வு, இந்தப் பறவைக் குடும்பத்தில் கண் புள்ளிகள் ஒரே தடவை தோன்றி வழிவழியாக வந்தவையல்ல, பலமுறை தோன்றியோ மறைந்தோ இருக்க வேண்டும் என்று தெரிவித்தது.

இக்கூட்டத்தின் வரலாற்றில் ஒற்றை இறகால் பெயர் பெற்ற இனம் ஒன்றும் உண்டு. 1871-இல் டி. டபிள்யூ. வுட் என்ற ஓவியர், லண்டனில் கிடைத்த ஒரே ஒரு கையிறகின் ஒரு பகுதியை வைத்து இரட்டைப்பட்டை ஆர்கஸ் என்ற புதிய இனத்தை விவரித்தார். அந்த இறகின் இருபுறமும் பட்டை இருந்தது. எங்கிருந்து வந்தது என்பதும் தெரியவில்லை. அதன்பின் அத்தகைய இன்னோர் இறகு கிடைக்கவே இல்லை. அழிந்த இனம் என்று நெடுங்காலம் பட்டியலில் இருந்தது. அது சாதாரண ஆர்கஸின் பிறழ்ந்த இறகே என்று இப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுவதால் அழிந்தவற்றின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

மனிதரும் ஆர்கஸும்

போர்னியோவின் தயாக் மக்கள் ஆர்கஸ் இறகையும் இருவாச்சி இறகையும் தலையணியில் செருகி, போர்வீரர் நடனங்களில் அணிகிறார்கள். இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ரா மாநிலம் குவாவ் ராஜா என்ற பெயரில் இப்பறவையைத் தன் சின்னமாகக் கொண்டுள்ளது.

அதே இடங்களில் இறைச்சிக்காகவும் இறகுக்காகவும் இது பிடிக்கப்பட்டும் வந்திருக்கிறது. நடைபாதையில் கண்ணி வைப்பது பொதுவான முறை. களத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் பழக்கத்தையே பொறியாக்கிய முறை ஒன்றைப் பழைய இயற்கையியல் நூல்கள் பதிவு செய்துள்ளன. கூர்சீவிய மூங்கில் பத்தையைக் களத்தின் நடுவில் நட்டுவிடுவார்கள். சேவல் அதைக் குப்பை என்று எண்ணிக் கழுத்தைச் சுற்றிப் பிடுங்க முயலும்போது கழுத்து அறுபடும். அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் பீபி 1918 முதல் 1922 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட ஃபெசன்ட் நூலில் ஆர்கஸின் வாழ்க்கைமுறை விரிவாக இடம்பெற்றுள்ளது.

அழிவின் விளிம்பை நோக்கி

வேட்டையைவிடப் பெரிய இடர் காடழிப்பு. ஆர்கஸ் விரும்பும் தாழ்நிலமே மனிதர் தோட்டம் போட விரும்பும் நிலம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்கள் உழைத்த மலாயா ரப்பர் தோட்டங்கள் எழுந்ததும் இத்தகைய தாழ்நிலங்களில்தான். பிற்காலத்தில் எண்ணெய்ப்பனை அதைவிடப் பரந்த அளவில் காட்டை விழுங்கியது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் மரவெட்டு ஒருபுறம், தோட்டம் மறுபுறம் எனத் தாழ்நிலக் காடு துண்டு துண்டானது. 1997-98 எல் நினோ வறட்சியில் மூண்ட தீ பெரும் பரப்பைக் கருக்கியது. காட்டுக்குள் சாலை போனதும் கண்ணிக்காரர்களும் பின்னே போனார்கள். எந்த உயிர் சிக்கினாலும் சரி என்று வைக்கப்படும் கம்பிக்கண்ணிகள் தரையில் நடக்கும் ஆர்கஸுக்கு எமன்.

இவற்றால் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஆர்கஸை அச்சுறு நிலையை அண்மித்த இனம் என்ற பிரிவிலிருந்து உயர்த்தி, 2020-இல் அழிவுறு நிலைக்கு உள்ளாகக்கூடிய இனம் என்று அறிவித்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இது உள்ளது. இந்தோனேசியச் சட்டம் இதைப் பாதுகாக்கப்பட்ட பறவையாக வைத்திருக்கிறது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. மலேசியாவில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்த தாமான் நெகாரா, சபாவின் டானும் பள்ளத்தாக்கு, சுமத்ராவின் புக்கிட் பாரிசான் செலாத்தான் போன்ற காப்பகங்களில் ஆர்கஸின் கூவல் இன்றும் ஒலிக்கிறது. தானியங்கிக் கேமராக்களில் அடிக்கடி பதிவாகும் தரைப்பறவைகளில் இதுவும் ஒன்று. அளவோடு மரம் வெட்டி மீள விடப்பட்ட காட்டிலும் இது ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. முழுதாக வெட்டிப் பனை நட்ட இடத்தில் மட்டும் இதற்கு வாழ்வே இல்லை.

ஆர்கஸைக் கூண்டில் வளர்க்கலாம். உலகின் பல விலங்குக்காட்சிச் சாலைகளில் அது குஞ்சு பொரித்திருக்கிறது. ஆனால் முகட்டில் களம் அமைக்கும் சேவலும், களம் களமாக நடந்துபோய்த் தேர்ந்தெடுக்கும் பெட்டையும் சேர்ந்தே அந்தக் கண்களை உருவாக்கின. அந்தத் தேர்வு நடக்கப் பரந்த காடு வேண்டும். எஞ்சியிருக்கும் தாழ்நில மழைக்காட்டை வெட்டாமல் விடுவதும், கண்ணிகளை அகற்றுவதும், துண்டுபட்ட காடுகளை இணைப்பதுமே இந்தப் பறவையைக் காக்கும் வழிகள். இம்மூன்றும் இன்றே செய்யத்தக்கவை.